கால் நீட்டி உட்காரப் போன ஊர்கள்

பச்சைப் பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது என் வேலை. ஊரப்பாக்கத்தில் இருக்கிறேன். தரையில் கால் நீட்டி உட்காருவேன். முழங்காலுக்குக் கீழே, இரண்டு காலுக்கும் மேலாகப் பிள்ளையை மல்லாக்கப் போடுவேன். அதன் தலை என் பாதத்துப் பக்கம், கால் என் வயிற்றுப் பக்கம். எண்ணெய் தடவி, வெந்நீர் ஊற்றி, துடைத்துக் கொடுப்பேன். தாய் கைக்குப் போவதற்குள் தூங்கிவிட வேண்டும். தூங்கினால் குளியல் சரி. தூங்காவிட்டால் எங்கேயோ தப்பு. எங்கள் வேலையில் வேறு சர்டிபிகேட் கிடையாது.

போன வருஷம் முதுகு பிடித்தது. கால் நீட்டினால் இடுப்பிலிருந்து குதிகால் வரைக்கும் கம்பி போட்டு இழுத்த மாதிரி. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். கத்தி வேண்டாம், பயிற்சி போதும் என்றார்கள். எங்கள் தெருவில் மணி சார் என்று ஒருவர். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். மொட்டை மாடியில் யோகா சொல்லிக்கொடுத்தார். அவரிடம் போய் முக்கால்வாசி தேறினேன். பிறகு அவர் மகளோடு பெங்களூருக்குப் போய்விட்டார். மாடி மறுபடி துணி காய்கிற இடம் ஆனது. கம்பியும் திரும்பி வந்தது.

வேலையை விட்டுவிடலாம் என்று இருந்தேன். அப்போது படூரிலிருந்து பிரியா போன் செய்தாள். அவள் மூத்த பெண்ணை நான்தான் குளிப்பாட்டினேன். அப்போது அவர்கள் எங்கள் ஊரில் குடியிருந்தார்கள்.

"அக்கா, ரெண்டாவது வரப்போகுது. நீங்கதான் வரணும். எங்க மாமியார் வேற ஆளப் பாத்து வெச்சிருக்காங்க. நான் ஒத்துக்கல."

"பார்க்கலாம்."

"பார்க்கலாம்னா?"

"வரேன்."

வாய் சொல்லிவிட்டது. இடுப்பைக் கேட்கவில்லை. யோகா வாத்தியார் தேட வேண்டியதாகிவிட்டது.

முதலில் எங்கள் ஊரிலேயே பார்த்தேன். ஒரு ஹால். நாலு சுவரும் கண்ணாடி. பாட்டு போட்டு ஓட விட்டார்கள். எங்கே திரும்பினாலும் நானே நின்றுகொண்டிருந்தேன். ஒரு நாளோடு சரி.

செங்கல்பட்டில் ஒருவர் நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறார் என்று பால் போடுகிறவர் சொன்னார். ரயில் ஏறினேன். காலையில் கூட்டமெல்லாம் சென்னை பீச் ஸ்டேஷன் பக்கம் போகும். செங்கல்பட்டுப் பக்கம் வண்டி காலி. பெட்டி முழுக்க சீட்டு. நான் நின்றுகொண்டு போனேன். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. பூக்கூடையோடு ஒருத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா, சீட்டு மேல எதுனா ஊத்திகீதா?"

"இல்ல. இடுப்பு."

"அய்ய, நான் பயந்துட்டு ரெண்டு தபா தொடச்சிட்டு குந்தினேன்."

செங்கல்பட்டு வாத்தியார் ஏரிக்கரைப் பக்கம் இருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டு. மூச்சைப் பற்றிப் பேசினார். மூச்சு எங்கே பிறக்கிறது, எங்கே போகிறது, அதற்கு எத்தனை பெயர். நல்ல பேச்சு. சம்மணம் போட்டு எல்லாரும் கேட்டார்கள். நான் சுவரில் சாய்ந்து நின்று கேட்டேன். கடைசி வரை யாரும் காலை அசைக்கவில்லை. வெளியே வந்து ஸ்டேஷன் எதிரில் இட்லியும் வடகறியும் சாப்பிட்டேன். வடகறி எங்கள் ஊரில் இப்படி வராது. பட்டை கொஞ்சம் தூக்கல். அன்றைக்கு உடம்புக்குள் நல்லதாகப் போனது அது ஒன்றுதான்.

மறுநாள் திருப்போரூர். இலவச யோகா முகாம் என்று சுவரொட்டி பார்த்தேன். கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பந்தல். நிறையப் பேர் வந்திருந்தார்கள். பேன்ட் சட்டை போட்ட பையன் மைக் பிடித்துக் கையைத் தூக்கு, கீழே விடு என்றான். நாலு தடவை தூக்கினோம். பிறகு எல்லாருக்கும் ஆளுக்கொரு பொட்டலம் சுண்டல். பிறகு வேனில் ஏற்றினார்கள்.

"எங்க போறோம்?" என்றேன் பக்கத்தில் இருந்தவரிடம்.

"பிளாட்டு காட்டத்தான். யோகா சும்மா போடுவானுங்களா?"

வயலை நிரவிக் கல் நட்டு வைத்திருந்தார்கள். பையன் என்னிடம் வந்தான். "அம்மா, கார்னர் பிளாட். கிழக்குப் பாத்த வாசல். மூச்சுக் காத்து எப்புடி கீது பாருங்க."

மூச்சு இங்கேயும் வந்துவிட்டது.

திரும்புகிற வழியில் வேன் டயர் போனது. மாற்று டயரிலும் காற்று இல்லை. யோகா செய்தவர்கள் எல்லாம் ரோட்டோரம் குந்தினார்கள். நான் குந்தவும் முடியாமல் நின்றேன். மீன் வண்டி ஒன்று எதிர்ப்பக்கமாக வந்தது. மார்க்கெட்டில் மீனை இறக்கிவிட்டு மாமல்லபுரத்துக்குத் திரும்புகிற வண்டி. டிரைவர் எங்களைப் பார்த்து ஓரம் கட்டி, என்ன ஆச்சு என்று கேட்டார்.

அப்போதுதான் கஸ்தூரி ஞாபகம் வந்தது. ஊரப்பாக்கத்தில் ஒரே அபார்ட்மென்டில் வேலை பார்த்தோம். அவள் பாத்திரம், நான் பிள்ளை. இப்போது மாமல்லபுரத்துக் குப்பத்தில் அவள் அப்பா வீட்டில் இருக்கிறாள். கடற்கரையில் மீன் வறுத்து விற்கிறாள். போன் போட்டேன்.

"யோகாவா? வா இங்க. எங்க குப்பத்துப் பக்கம் ஒரு பொண்ணு சொல்லிக் குடுக்குது. வெள்ளக்காரங்களே வந்து மண்ணுல பொரள்றாங்க."

மீன் வண்டி கிளம்பப் பார்த்தது. கை காட்டினேன்.

"அண்ணாத்த, மாமல்லபுரம் போவுதா? எனக்கு உக்கார வராது."

"முன்னால எடம் கீது, குந்த வராதா? அப்ப பின்னால ஏறிக்க. ஐஸ் பெட்டி மேல படுத்துக்கினு வா."

படுத்தேன். பெட்டிக்குள் பாதி உருகின ஐஸ். தகரம் சில்லென்று முதுகில் ஒட்டியது. மேலே வானம் ஓடியது. மீன் வாடை. முதுகு அன்றைக்குத்தான் வாயை மூடியது. இப்படியே பெங்களூர் வரைக்கும் கூடப் போகலாம் என்று இருந்தது. சிரிப்பு வந்தது. வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, நாலு நாள் கழித்து வருகிறேன் என்றேன். எங்கே என்றார். மாமல்லபுரம் என்றேன். சரி என்றார். எங்கள் வீட்டில் அவ்வளவுதான் பேச்சு.

கஸ்தூரி வாசலிலேயே நின்றாள்.

"இன்னாடி, மீனோட மீனா வந்து எறங்குற? வெலை சொல்லு, வாங்கிக்கறேன்."

கானாங்கத்தை மீன் குழம்பு வைத்திருந்தாள். எங்கள் ஊரில் மீன் வரும்போது அதற்கு ஒரு நாள் வயது ஆகியிருக்கும். இங்கே மீனுக்குத் தான் செத்ததே தெரியாது போல இருக்கிறது. நின்றுகொண்டே இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

காலையில் கஸ்தூரி கூட்டிக்கொண்டு போனாள். சவுக்குத் தோப்புக்குள் ஒரு கீற்றுக் கொட்டகை. கீழே சிமென்ட் தரை. அதன் மேல் எவ்வளவு பெருக்கினாலும் மணல். வாத்தியார் இன்னும் வரவில்லை என்று நினைத்தேன். பெருக்கிக்கொண்டிருந்த பெண்தான் வாத்தியார். ஸ்டெல்லா. என் மகள் வயது. காலேஜில் கபடி ஆடினவள். அவள் அம்மா கடலை விட்டுத் தள்ளி உள்ளே இருக்கிற ஊர் ஒன்றில் நாற்று நட்டு முதுகு போனவர். அம்மாவுக்காகக் கற்றுக்கொள்ளப் போய், இதுவே வேலை ஆனதாம். எல்லாரும் மிஸ் என்றார்கள். நானும் மிஸ் என்றேன்.

"இன்னாக்கா பண்ணுது?"

"கால் நீட்டி உக்காரணும் மிஸ். அவ்ளோதான்."

"எத்தினி நேரம்?"

"ஒரு பிள்ளை குளிக்கிற நேரம்."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். சரி என்றாள்.

அன்றைக்கு நான் செய்தது எல்லாமே தப்பு. மணி சார் எங்களைப் பார்த்து நிற்பார். வலது கை என்று சொல்லிவிட்டுத் தன் இடது கையைத் தூக்குவார். கண்ணாடி மாதிரி அவரைப் பார்த்துச் செய்தால் போதும். ஸ்டெல்லா மிஸ்ஸும் பார்த்துத்தான் நின்றாள். ஆனால் வலது என்றால் அவளுடைய வலதைத் தூக்கினாள். நான் இடதைத் தூக்கினேன். கொட்டகை முழுக்க ஒரு பக்கம் சாய, நான் மட்டும் மறுபக்கம் சாய்ந்தேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பாட்டிம்மாவின் மூக்கும் என் மூக்கும் இடிக்கப் போனது. அந்த அம்மா ஏதோ சொல்லிச் சிரித்தது.

"இன்னா சொல்றாங்க?"

"வணக்கம் சொல்ல இவ்ளோ கிட்ட வர வேணாம்னு சொல்றாங்க," என்றாள் மிஸ்.

மணி சார் எண்ணுவார். ஒன்று, இரண்டு, மூன்று என்று மாடி அதிரும். பத்து வந்தால் விட்டுவிடலாம். மிஸ் எண்ணுவதே இல்லை. கையைத் தூக்கச் சொல்லிவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"எப்ப விடறது மிஸ்?"

"அவசரமா எங்கனா போவணுமா?"

கடைசியில் கால் நீட்டச் சொன்னாள். இதற்குத்தானே வந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு நீட்டினேன். கம்பி இழுத்தது. மிஸ் வந்து என் உட்காருகிற இடத்தில் இரண்டு செங்கல் வைத்து, மேலே சாக்கு மடித்துப் போட்டாள். முட்டிக்குக் கீழே துண்டைச் சுருட்டிக் கொடுத்தாள்.

"முட்டிய மடக்கு."

"முட்டி மடங்கக் கூடாதுன்னு எங்க சார் சொல்வாரு."

"உங்க சார் இங்க இல்ல. மடக்குக்கா."

மடக்கினேன். கோபம் வந்தது. கொட்டகையில் எல்லாரும் நீட்டிக்கொண்டு இருக்க, நான் செங்கல் மேல் குந்தியிருந்தேன். எங்கள் வேலையில் வெறுந்தரையில் உட்காருகிறவளுக்குத்தான் பேர். பலகை போட்டுக்கொள்கிறவளைப் பார்த்து, விருந்துக்கு வந்திருக்கிறா பாரு என்போம். நானே சொல்லியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து கஸ்தூரியிடம் சொன்னேன். "முட்டி மடக்க இவ்வளவு தூரம் வரணுமா?"

"உனுக்கு நீட்ட வந்திருந்தா இங்க ஏன் வரப்போற? சும்மா கெட. நாஸ்தா துன்னு."

மறுநாளும் போனேன். அதே செங்கல். அதே துண்டு. வலது இடது மட்டும் பழகியது. பகலில் கஸ்தூரிக்கு மீன் கழுவிக் கொடுத்தேன். சாயங்காலம் ஊரைச் சுற்றினேன். இங்கே ரோடு முழுக்கச் சிலை செதுக்குகிற உளிச் சத்தம். எங்கள் ஊரில் ரயில் சத்தம் மாதிரி. கொஞ்ச நேரத்தில் காது அதை விட்டுவிடுகிறது. பாறைச் சரிவில் உருளாமல் நிற்கிற பெரிய உருண்டைக் கல் பக்கம் ஒரே கூட்டம். வருகிறவர்கள் எல்லாரும் கல்லுக்குக் கீழே போய்க் கையை மேலே கொடுத்துத் தாங்குகிற மாதிரி போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். மூஞ்சியைச் சுளித்து, பல்லைக் கடித்து. எந்தக் காலத்திலிருந்தோ கல் தானாகவே நிற்கிறது. இவர்கள் வந்து தாங்குகிறார்கள். நன்றாகச் சிரித்தேன்.

சிரித்துக்கொண்டிருக்கும்போதே பிரியா வீட்டிலிருந்து போன். பிரியா இல்லை. அவள் மாமியார்.

"நேத்து பொறந்துடுச்சும்மா. பையன். சொன்ன தேதிக்கு முன்னாடியே வந்துட்டான். டாக்டரு, தொப்புள் கொடி விழட்டும், அப்புறம் தண்ணி ஊத்துங்கன்னாரு. உனக்கு முதுகு சரியில்லன்னு சொல்றாங்களே. உக்காந்துருவியா? முடியாதுன்னா இப்பவே சொல்லிடு. எங்க ஆளு தயாரா இருக்காங்க. பிள்ளை விஷயம்."

கல்லடியில் ஒருத்தன் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு நின்றான்.

"வரேம்மா," என்றேன்.

போனை வைத்த பிறகு பயம். அதோடு சந்தோஷம். பையன். பச்சைப் பிள்ளை வாசனை வந்த மாதிரி இருந்தது. குளிப்பாட்டி எத்தனையோ மாதம் ஆகிறது. கை துறுதுறுத்தது.

காலையில் எல்லாருக்கும் முன்னால் கொட்டகைக்குப் போனேன். மிஸ்ஸிடம் சொன்னேன். கொடி விழ ஒரு வாரம் ஆகும், முன்னே பின்னே ஆகும். அதற்குள் உட்கார வேண்டும். செங்கல் வேண்டாம், நேராக நீட்ட வை என்றேன்.

மிஸ் செங்கல்லை ஓரமாகத் தள்ளினாள். உட்காரச் சொன்னாள். நீட்டினேன். என்னைச் சுற்றி வந்தாள். முன்னால் வந்து குந்தினாள். என் பாதத்தையே பார்த்தாள்.

"அக்கா, யாரப் புடிச்சிகினு கீற?"

"யாரையும் இல்லையே."

"தோ பாரு."

குனிந்து பார்த்தேன். என் இரண்டு காலும் ஒன்றோடு ஒன்று ஒட்டி, நடுவில் பள்ளமாக இருந்தது. பாதம் இரண்டும் மேல்நோக்கி நிமிர்ந்து, தலை உருளாமல் இருக்கத் தடுப்பு கட்டின மாதிரி. தோள் முன்னால் வளைந்து, வயிறு உள்ளே போய், வாய் இறுகியிருந்தது. பிள்ளை வைத்திருக்கிற கால். பிள்ளைதான் இல்லை.

"நானும் மூணு நாளா பாக்கறேன். காலு நீட்டுன்னா போதும், ஒடம்பு பூரா யாரையோ புடிச்சிக்குது. மூச்சும் வுட மாட்ற. இப்புடி புடிச்சா முதுகு இன்னா பண்ணும்?"

"பிள்ளை வழுக்கும் மிஸ். எண்ணெய் தடவின பிள்ளை. விட்டா விழுந்துடும்."

"இங்க எந்தப் பிள்ள?"

மறுபடி என் காலைப் பார்த்தேன். எத்தனை வருஷமாக இப்படி உட்காருகிறேனோ தெரியாது. டிவி பார்க்கும்போதும் இப்படித்தான் போல. படுத்தாலும் பாதம் நிமிர்ந்தே இருக்கும் என்று வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார்.

மிஸ் வெளியே போனாள். ரோட்டோரக் கடையிலிருந்து ஒரு தர்பூசணி வாங்கி வந்தாள். பிறந்த பிள்ளை எடை இருக்கும். அதற்குள் எல்லாரும் வந்துவிட்டார்கள். செங்கல் மேல் உட்கார வைத்து, முட்டிக்குக் கீழே துண்டு வைத்து, என் காலில் பழத்தைப் போட்டாள்.

"குளிப்பாட்டு."

"பழத்தையா?"

"உன் கை இன்னா பண்ணுதுன்னு நான் பாக்கணும்."

குளிப்பாட்டினேன். வெறுங்கையால் எண்ணெய் தேய்த்தேன். நெஞ்சிலிருந்து தோளுக்கு, தொடையிலிருந்து பாதத்துக்கு. வெறுஞ்சொம்பைத் தூக்கித் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி ஊற்றினேன். கூட்டம் கூடிவிட்டது. மீன்காரர் இரண்டு பேர் சவுக்கு மரத்தில் சாய்ந்து நின்றார்கள்.

"மச்சான், அத்த பாரு, பழத்துக்கு எண்ண தேக்குது."

"காது பின்னால தேக்கச் சொல்லு, அங்கதான் அயுக்கு."

சிரிப்பு. மிஸ் சிரிக்கவில்லை.

"அக்கா, சொம்பு தூக்கும்போது மூச்ச நிறுத்தற. ஒவ்வொரு சொம்புக்கும். இப்ப ஊத்தும்போது மூச்ச வுடு. தோள எறக்கு. புடிக்காத."

வெள்ளைக்கார அம்மா ஏதோ கேட்டது. மிஸ் தமிழில் சொன்னாள்: "உனுக்கு எத்தினி பிள்ளன்னு கேக்கறாங்க."

"எனக்கு ஒண்ணு. கால்ல போட்டதுக்குக் கணக்கு இல்ல."

சொல்லிக்கொண்டே சொம்பைத் தூக்கினேன். மூச்சை விட்டேன். தோளை இறக்கினேன். காலையும் விட்டேன். பழம் உருண்டது. கை போவதற்குள் சிமென்டில் விழுந்து பிளந்தது. சிவப்பாகத் தெறித்தது.

எல்லாரும் ஓவென்று சிரித்தார்கள். மீன்காரர் ஓடி வந்து ஆளுக்கொரு துண்டு எடுத்தார்கள். வெள்ளைக்கார அம்மா எனக்கும் ஒரு துண்டு நீட்டியது. நான் வாங்கவில்லை. சிவப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எழுந்து கஸ்தூரி வீட்டுக்குப் போய், அவள் கட்டக் கொடுத்த புடவையை மடித்து வைத்துவிட்டு என் பையை எடுத்தேன். பிரியா மாமியாருக்குப் போன் செய்து வேறு ஆளை வரச் சொல்லலாம் என்று முடிவு செய்தேன்.

கஸ்தூரி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் கேட்டாள்.

"இதுக்கு முன்னால உன் காலுலர்ந்து எந்தப் பிள்ளனா வுழுந்துகீதா?"

"இல்ல."

"அப்ப நீ போட்டது பழம்தான். பழத்துக்குப் போய்த் துக்கம் காக்கறியா?"

மிஸ் வாசலில் வந்து நின்றாள். கையில் இன்னொரு பழம்.

"தப்பு என்னுது அக்கா. வுடுன்னு மொத்தமா சொல்லிட்டேன். உன் வேல எனுக்குத் தெரியாதில்ல. இப்ப நீ சொல்லு. பிள்ளைய எது புடிக்குது?"

யோசித்தேன். யாரும் இதைக் கேட்டதில்லை.

"கணுக்காலும் கெண்டைக்காலும். அப்புறம் இடது கை."

"முதுகு?"

"இல்ல."

"வாய்?"

"இல்ல."

"அப்ப அதுங்க இன்னாத்துக்கு வேல செய்யுது? காலு புடிக்கட்டும். கை புடிக்கட்டும். மத்ததுக்கு லீவு குடு."

கஸ்தூரி தான் உட்கார்ந்து மீன் வெட்டுகிற பலகையை உருவிக் கழுவி என் பக்கம் தள்ளினாள். "இத்த வெச்சிக்க. செங்கல்லு தூக்கிகினு படூர் போவ முடியுமா?"

அந்தப் பலகையில் உட்கார்ந்தேன். முட்டிக்குக் கீழே துண்டு. காலில் பழம். கால் பிடித்தது. கை பிடித்தது. சொம்பு ஊற்றும்போது வாய் திறந்து மூச்சை விட்டேன். பஸ் பிரேக் விடுகிற மாதிரி சத்தம் வந்தது. இடுப்பில் என்னமோ அவிழ்ந்தது. கம்பி இழுக்கவில்லை. இருந்தது. இழுக்கவில்லை. மறுபடி ஊற்றினேன். மறுபடி. பழம் அசையவில்லை. மிஸ் கைதட்டினாள். நான் நிறுத்தவில்லை. தலையிலிருந்து கால் வரை முழுக் குளியல். துடைத்துக் கஸ்தூரி கையில் கொடுத்தேன்.

"தூங்கிட்சா?" என்றேன்.

"நல்லா தூங்குது. வாய்ல கத்தி வெக்கட்டா?"

அந்தப் பழம் மாதிரி இனிப்பு நான் சாப்பிட்டதில்லை.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, இன்னும் ஒரு வாரம் ஆகும் என்றேன். அதற்குப் பிறகு நாள் போனதே தெரியவில்லை. காலையில் கொட்டகை. நாஸ்தாவுக்கு இட்லியும் மீன் குழம்பும். மத்தியானம் பலகையில் உட்கார்ந்து பழம் குளிப்பாட்டுவது. பழம் மாற்றி மாற்றிக் குப்பமே தர்பூசணி சாப்பிட்டது. போகிற வருகிறவர்கள் எல்லாம், "அக்கா, இன்னிக்கு ஆணா பொண்ணா?" என்று கேட்டார்கள். மிஸ் எண்ணாதது இப்போது பிடித்துவிட்டது. பிள்ளையை எண்ணியா குளிப்பாட்டுகிறோம்? மணி சாரும் மோசமில்லை. அவர் என்னை எழுப்பி நிற்க வைத்தார். இவள் உட்கார வைத்தாள்.

பிரியா போன் செய்தாள். "அக்கா, கொடி விழுந்துடுச்சு. நாளைக்கு."

பலகையைப் பையில் வைத்தேன். மிஸ் பஸ் ஸ்டாண்டு வரை வந்தாள். கஸ்தூரி நெத்திலி வறுத்துக் கட்டிக் கொடுத்தாள். பஸ்ஸில் கண்டக்டர் பெண்களுக்கான இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். ஜன்னலோரம் இடம் இருந்தது. உட்கார்ந்தேன். திருப்போரூர் தாண்டி, கேளம்பாக்கம் தாண்டி, படூர் வரை உட்கார்ந்தே போனேன். பஸ்ஸில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். கல் நட்ட பிளாட் கூட ஜன்னலில் அழகாகத் தெரிந்தது.

அபார்ட்மென்டில் ஏழாவது மாடி. பாத்ரூம் எங்கள் சமையலறை அளவு. பிரியா இளைத்திருந்தாள். மாமியார் வாசல்படியில் கை கட்டி நின்றாள். பலகையை எடுத்துப் போட்டேன்.

"போன தடவ நீ வெறுந்தரையிலதான் உக்காந்தன்னு பிரியா சொன்னாளே?"

"இப்ப இப்படித்தாம்மா."

"என்ன, மீன் வாடை வருது?"

"பலகை கடற்கரையிலருந்து வந்திருக்கு. சோப்பு போட்டுக் கழுவிட்டேன்."

உட்கார்ந்தேன். துண்டைச் சுருட்டி முட்டிக்குக் கீழே வைத்தேன். காலை நீட்டினேன். பிரியா பையனைக் கொண்டுவந்து காலில் வைத்தாள். பழத்தை விட லேசு. ஆனால் பழம் இப்படிச் சுடாது. கால் தானாகப் பள்ளமானது. பாதம் தானாக நிமிர்ந்தது. இன்றைக்கு ஆள் இருக்கிறது, பிடி என்று விட்டுவிட்டேன். முதுகுக்கு லீவு.

எண்ணெய் தேய்க்கும்போதே வீறிட்டான். முகமெல்லாம் சிவந்தது. மாமியார் ஒரு அடி முன்னால் வந்தாள். முழங்கையால் தண்ணீரின் சூடு பார்த்தேன். முதல் சொம்பு ஊற்றினேன். மூச்சை விட்டேன். சத்தமாகத்தான் வந்தது. பையன் அழுகையைப் பாதியில் நிறுத்தினான். கண்ணைத் திறந்து என் வாயைப் பார்த்தான். இரண்டாவது சொம்பு. மறுபடி விட்டேன். மறுபடி பார்த்தான். அழ மறந்துவிட்டான்.

"அது என்ன சத்தம்?" என்றாள் மாமியார்.

"மூச்சும்மா."

குப்புறப் போட்டு முதுகு கழுவினேன். திருப்பினேன். தலை துவட்டும்போதே கண் சொருகியது. துண்டில் சுற்றினேன். மாமியார் கை நீட்டி வாங்கினாள். முகத்தைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தி, "தூங்கிட்டான்," என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நாளைக்கு எத்தனை மணிக்கு வருவ?" என்றாள்.

"இதே நேரம்."

பிரியா என் பக்கம் கையை நீட்டினாள். "எழுந்திருங்க அக்கா, தரையெல்லாம் ஈரம். கை குடுக்கிறேன்."

"கொஞ்ச நேரம் உக்காந்திருக்கேன்," என்றேன்.

அவர்கள் பிள்ளையோடு உள்ளே போனார்கள். நான் பலகையில் அப்படியே இருந்தேன். கால் ஈரமாக, நீளமாக, எதிரே கிடந்தது. பாதம் இரண்டும் மெல்லப் பக்கவாட்டில் சாய்ந்தன. காலில் யாரும் இல்லை. காலுக்கும் அது தெரிந்திருந்தது.